இரண்டு மீட்டர்

பத்தொன்பது வருடம் எக்ஸ்ரே அறையில் நின்றவள் நான்.
கட்டி வந்ததோ
பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில்
டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு.

எங்கள் அறையில் கழுத்துப்பட்டை ஒன்றுதான்.
உள்ளே ஈயம் விரிசல் விட்டிருந்தால்
வெளியே தெரியாது.
டூட்டி மாறும்போது வேலப்பனின் வியர்வையோடு
அதை வாங்கிக் கட்டிக்கொள்வேன்.
மூன்று மாதத்துக்கொரு முறை
மார்பில் குத்திய பேட்ஜ் சோதனைக்குப் போய்ப்
பதில் வரும்: வரம்புக்குள்.
"உனக்காவது மார்க் போடுறாங்க" என்பாள் பியூலா.

அவளுக்கு மார்க் போட்டது ஒரு பயணி.
கம்பிக்கு வெளியே சில்லறையை நீட்டியபடி கேட்டாளாம்:
"மேடம், தண்ணி முழுங்கும்போது
கழுத்துல என்னமோ ஏறி எறங்குதே?"
பின்னால் வரிசை கத்தியது.
பியூலா திருவள்ளூருக்கு ரெண்டு கிழித்துக் கொடுத்துவிட்டு
பாட்டிலை மூடி வைத்தாள்.

ஆலோசகர் ஸஹீரா பென்சிலால் எங்கள் வீட்டை வரைந்தார்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
பியூலாவின் வட்டத்தைக் கருப்பாக்கினார்.
என் ரத்தம் எடுத்த பிறகு
என் வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்,
அவ்வளவுதான், அழுத்தாமல்.
அப்பாவின் சதுரத்துக்குக் குறுக்கே கோடு:
நாற்பத்தொன்று வயது, வியாசர்பாடி, மழை, லாரி.
"அவருக்கும் இருந்திருக்குமா?"
"தெரியாது. வர்றதுக்கு நேரம் இருக்கல."

அறுந்த இழையை ஒட்டுகிற ஆட்கள்
எல்லார் உடம்பிலும் இருக்கிறார்களாம்.
எங்கள் உடம்பில் இருப்பவர்களுக்குக் கொடுத்த உத்தரவில்
ஓர் எழுத்து வேறு.
வேலைக்கு வருவார்கள், ஒட்டுவார்கள்,
சில நாள் கொஞ்சம் தாமதமாக.
"ஆபத்து எவ்வளவு?"
"சில ஆய்வுல ஒன்றரை மடங்கு. சிலதுல ஒண்ணுமே இல்ல."
எதில் ஒன்றரை என்று கேட்க வாய் திறந்தேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் மெட்ரோ வாட்டர் தோண்டிய பள்ளத்தை
ராத்திரியோடு ராத்திரியாக மூன்று பேர் மூடிவிட்டுப் போனார்கள்.
ஓரம் ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
எதிர்வீட்டுப் பையன் முதல் நாளே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான்.
நான் தினமும் அதன்மேல்தான் ஸ்கூட்டி ஓட்டுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம்
பியூலா அயோடினை விழுங்கினாள்.
ஈயக் குப்பியைக் கொண்டுவந்தவன்
தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனானாம்.
இப்போது என் வேலையை அவள் செய்கிறாள்:
வீட்டில் கதிர் அவளிடமிருந்து வருகிறது.
தனித் தட்டு, தனித் துண்டு,
கக்கூஸில் ரெண்டு தரம் தண்ணீர்,
எச்சில் ஊற எலுமிச்சை மிட்டாய்.
தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்பங்கு,
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு
வருடா வருடம் நான் ஒப்பிக்கும் பாடம்.
பெரம்பூர் வாடகை வீட்டில் அதை அளந்து பார்த்தேன்:
அவள் கட்டிலிலிருந்து அடுப்படி நிலைப்படி வரை
இரண்டு மீட்டர், நாலு விரல்.

நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு
மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறோம்.
சொத்துக்குச் சண்டை போடுகிறோம் என்று
மாடி வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.
சொத்துதான்.
அப்பாவோ அம்மாவோ பட்டா எழுதாமல் விட்டுப்போனது.
யாரும் யாரையும் ஏமாற்றவில்லை,
ஆளுக்கு ஓர் எழுத்து.

நேற்று, பேச்சு தீர்ந்த ஒரு நேரத்தில்,
"டியூப்லைட்டுக்குக் கீழ வந்து நில்லு" என்றாள்.
"எதுக்கு?"
"நில்லேன்.
தண்ணி குடி.
மெதுவா."

செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன்.
ஒவ்வொரு மிடறுக்கும்
அவள் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்,
பிறகு நினைவு வந்து
பின்னால் போய் உட்கார்ந்தாள்.
"இன்னொரு தடவை" என்றாள்.